ஆரம்ப மீதி 41,260

போன மாதம் எங்கள் காரைப் பார்க்க ஒரு தரகர் வந்தார். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. கீழே நின்ற எங்கள் டொயோட்டா கொரோல்லா 110ஐ இரண்டு தரம் சுற்றி வந்தார். சில்லுக்கு மேலே வளையும் தகரத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பொனெட்டைத் திறந்து ஒயில் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலை தெரிந்த மனிதர். "எஞ்சின் நல்லாயிருக்கு அண்ணை, கறளும் பெரிசா இல்லை. வன் டென்னுக்கு இப்பவும் ஆள் இருக்கு" என்றார். பிறகு உள்ளே ஏறியிருந்து திறப்பைப் போட்டார். மீற்றரில் 386,412. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முன்னுக்கு மூண்டு நிண்டா ஒருத்தரும் எட்டியும் பாக்கமாட்டினம் அண்ணை. இறக்குவம். நூற்றி நாப்பதில கொண்டுவந்து விட்டா விலையே வேற. எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான், போட்டைக் கழட்டினா அரை மணித்தியால வேலை."

வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுப் போனார். எனக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. இந்த ஊரில் பழைய கார் வாங்கும் எவரும் மீற்றர் இலக்கத்தை அப்படியே நம்புவதில்லை. நம்பாதவர்களுக்காகப் பொய் சொல்லுகிறோம் என்று விற்பவர்களும் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் கைமாறி, கைமாறி எத்தனை மீற்றர்கள் இறங்கியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கு அது பொதுப் பிரச்சினையாகத் தெரியவில்லை. நான் இரவு படுத்த பிறகும் அந்த நூற்று நாற்பது மண்டைக்குள் நின்றது. அந்த இலக்கத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்.

விற்கும் யோசனை வந்ததே அம்மாவால்தான். அவருக்கு முழங்கால் ஏலாது. கொரோல்லாவின் இருக்கை தாழ்வு. ஏறும்போது விழுவது போல இருந்து, இறங்கும்போது இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்து எழும்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் உயரமான வாகனம் ஒன்று தேவை. காருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கொப்பி

அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கப்பிள்ளை. 1998 செப்டெம்பரில் இந்தக் காரை வாங்கியபோது எனக்குப் பத்து வயது. ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் என்று வந்து இறங்கிய 1995 மொடல். வாங்கிய அன்று இரவே தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு கீறினார்: திகதி, மீற்றர், வேலை, சாமான், கூலி. முதல் வரி சிவப்பு மையில் இருக்கிறது. "ஆரம்ப மீதி 41,260." கடைப் பேரேட்டில் எழுதும் அதே சொல்லைத்தான் காருக்கும் எழுதினார்.

ஒரு காரை இருபத்தேழு வருடம் வைத்திருப்பது எப்படி என்று யாரும் கேட்டால், நான் இந்தக் கொப்பியைத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒயிலும் ஃபில்டரும். றேடியேற்றருக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாளும் ஊற்றியதில்லை. கூலண்ட் தீர்ந்த இடத்தில் போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றி, "2 நாளில் கழுவி மாற்ற வேண்டும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய இருக்கும் சின்னத் துளைகளை ஈர்க்கால் குத்தித் துப்புரவாக்குவார். இதைக் கொப்பியில் எழுதவில்லை, கண்ணால் கண்டது. கடலிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி நிற்கும் கார் வெளியிலிருந்து மட்டும் கறள் பிடிப்பதில்லை. கண்ணாடி இடுக்கால் இறங்கும் மழைத்தண்ணீரும் உப்புக்காற்றும் கதவுக்குள்ளே தங்கியும் தகரத்தைத் தின்னும். எங்கள் ஒழுங்கையில் அதே வயதுக் கார்கள் எல்லாம் அடியில் உதிர்ந்து போக, எங்களுடையது தரகர் தட்டியபோது கணீரென்று சத்தம் போட்டது அந்த ஈர்க்கால்தான். கதவை அடித்துச் சாத்தவும் விடமாட்டார். "கதவை அடிக்காதேங்கோ, அதுக்கும் ரப்பர் இருக்கு" என்பது எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் குரல் போலக் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம்.

கொப்பியை இப்போது வாசிக்கும்போது அது காரைப் பற்றியது மட்டுமல்ல என்று தெரிகிறது. 2000க்கும் 2008க்கும் இடையில் டிக்கி லொக் மூன்று முறை மாறியிருக்கிறது. சோதனைச் சாவடிகளில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் டிக்கியைத் திறந்து மூடினோம் என்பதை வேறு எந்தப் பதிவும் எனக்குச் சொல்லாது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது. அந்த ஓகஸ்டில், பள்ளிக்கூட விடுமுறையில், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பா ஊருக்குப் போனார், எங்களையும் ஏற்றிக்கொண்டு. ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடையில் றோட்டின் இரு கரையிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். குழியைத் தவிர்க்கக்கூட ஓரத்தில் சில்லு இறங்கக் கூடாது. அன்றைய வரியில் "அடி தட்டியது x 4. எக்ஸோஸ்ட் றப்பர் 2 போயிற்று" என்று மட்டும் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் பாதை மூடும்வரை வருடத்துக்கு ஒருமுறை போய் வந்தோம்.

கிலோமீற்றர் என்பது ஓட்டத்தின் பாதிக் கணக்குத்தான். மாலை ஐந்து மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் கார் காலி வீதியில் நின்று நின்று ஒரு மணித்தியாலம் எரிக்கும். மீற்றரில் நாலோ ஐந்தோ கிலோமீற்றர்தான் ஏறும். ஒயிலுக்கு அந்த மணித்தியாலம் தெரியும், மீற்றருக்குத் தெரியாது. அதனால்தான் அப்பா 5,000 ஆகாவிட்டாலும் ஆறு மாதம் முடிந்தால் ஒயில் மாற்றுவார். நிறுத்தி வைத்தாலும் கார் தேயும். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று எரிபொருளை நிறுத்தியபோது இரண்டு கிழமைக்கு மேல் அது அசையவில்லை. பற்றரி இறங்கியது, பிரேக் தட்டில் சிவப்பாகக் கறள் படர்ந்தது. பிறகு கியூஆர் பங்கீடு வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனதும், 450 ரூபாய்ப் பெற்றோலை அம்மாவின் வைத்தியசாலைப் பயணங்களுக்கென்று வைத்திருந்து, ஒவ்வொரு காலையும் காரைப் பத்து அடி முன்னும் பின்னும் உருட்டுவேன். மீற்றரில் அதெல்லாம் பூச்சியம்.

2011க்குப் பிறகு கொப்பியில் என் கையெழுத்தும் கலக்கிறது. என் காலத்தில் நடந்த பெரிய விஷயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை ஒரு கொத்து வரத் தொடங்கியது. புகைப் பரிசோதனையில் ஐதரோகாபன் அளவு கூடிப் போய் சான்றிதழ் கிடைக்கவில்லை. வழக்கமாகப் போகாத ஒரு கராஜில் காட்டினேன். எஞ்சின் முடிந்துவிட்டது, பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் ஒன்று எடுத்துப் போடலாம் என்றார்கள். மூன்று லட்சத்து எவ்வளவோ. நான் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன். எங்கள் பழைய மெக்கானிக் பாஸ்தான் ஒரு கேள்வி கேட்டார்: புகை ஸ்டார்ட்டில் மட்டுமா, ஏற்றத்தில் மிதிக்கும்போதும் வருகிறதா? ஸ்டார்ட்டில் மட்டும் என்றேன். அப்படியென்றால் ரிங்ஸ் இல்லை, வால்வு சீல் என்றார். இரவு முழுக்க ஒயில் சொட்டி உள்ளே இறங்கி, காலையில் எரிகிறது. பதினாறு சின்ன ரப்பர்கள். பழைய சீல் ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பஞ்சிகாவத்தையில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அப்பாவின் விதி. அதே பெட்டி, அதே எழுத்து, உள்ளே ரப்பர் மட்டும் வேறாக இருக்கும். ஒரு நாள் வேலையில் புகை நின்றது. அந்த எஞ்சின்தான் இன்றும் ஓடுகிறது.

ஒரே ஒரு பிழை

இவ்வளவு ஒழுங்கான கொப்பியில் ஒரு பிழை இருந்தது. அல்லது இருந்ததாக நான் பன்னிரண்டு வருடம் நினைத்தேன்.

இந்த எஞ்சினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சின் நாசமாகிற வகை அல்ல இது. கார் நின்ற இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். 2013இல் பெல்ட் மாற்றும் முறை வந்தபோது, கடைசியாக எப்போது மாற்றியது என்று கொப்பியைப் புரட்டினேன். 2005 டிசெம்பர், 138,900. அதற்கு முன்னால் பெல்ட் என்ற சொல்லே இல்லை. முதல் பக்கம்வரை இரண்டு தரம் பார்த்தேன். 100,000 தாண்டி, 110,000 தாண்டி, 130,000 தாண்டி அந்தப் பெல்ட் ஓடியிருக்கிறது. ஒயில் ஐந்நூறு கிலோமீற்றர் பிந்தினாலே மனம் அமைதி அடையாத மனிதர், பெல்ட்டைக் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் பிந்த விட்டிருக்கிறார். அந்த நாற்பதாயிரத்துக்குள் இரண்டு யாழ்ப்பாணப் பயணங்கள் வருகின்றன. கிளிநொச்சிக்கும் பளைக்கும் இடையில் எங்கோ, கரையில் இறங்க முடியாத றோட்டில், இருட்டும் நேரத்தில், பெல்ட் அறுந்திருந்தால்?

அப்பா அப்போது சாய்மனையில் இருந்தார். கண் பார்வை குறைந்து அவர் ஓட்டுவதை விட்ட வருடம் அது. நான் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதை மட்டும் எப்பிடியப்பா பிந்த விட்டனீங்கள்? எங்களையெல்லாம் ஏத்திக்கொண்டு வன்னிக்குள்ளால போயிருக்கிறியள்" என்றேன். என் குரலில் குற்றம் சொல்லும் தொனி இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. அவர் கொப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. "பிந்தேல்லைத் தம்பி. நேரத்துக்குத்தான் மாத்தினனான்" என்றார். நூறும் நூற்று முப்பத்தெட்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன். "கணக்குச் சரி" என்றார். வயது போய்விட்டது, நினைவு தடுமாறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன வேறு விஷயங்களையும் அந்த எண்ணத்தோடுதான் கேட்டேன். 2015இல் அவர் போய்விட்டார்.

பின் அட்டை

தரகர் வந்துபோன அடுத்த நாள் இரவு கொப்பியை எடுத்தேன். நூற்று நாற்பது என்ற இலக்கம் அந்த 138,900தான் என்று நினைவு வந்திருந்தது. பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடும்போது பின் அட்டையின் உள்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு மூலை கிழிந்தது, எண்ணெய்க் கறை. ஜப்பான் எழுத்தும், பேனையால் எழுதிய சில இலக்கங்களும். சின்ன வயதிலிருந்தே அது அங்கே இருக்கிறது. காரோடு வந்த ஏதோ ஒன்றை அப்பா ஞாபகத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறார் என்றுதான் எனக்கு எண்ணம். எத்தனையோ நூறு தரம் அந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறேன். அதை வாசிக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது கைபேசியைப் பிடித்தால் எந்த மொழியையும் மாற்றிக் காட்டுகிறது. பிடித்தேன். "டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது" என்று வந்தது. திகதி இருக்கும் இடத்தில் 10, 2, 14. கீழே 98,600 கிலோமீற்றர்.

அந்தப் பத்து மாதமும் இல்லை, நாளும் இல்லை. ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து வருடம் எண்ணுவார்கள். ஹெய்செய் காலம் 1989இல் தொடங்குகிறது, பத்தாவது வருடம் 1998. அப்படியென்றால் 1998 பெப்ரவரி 14ஆம் திகதி இந்தக் காரின் மீற்றரில் 98,600 இருந்திருக்கிறது. ஏழு மாதம் கழித்து கொழும்பில் அப்பா வாங்கும்போது 41,260.

நான் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் கூட்டினேன். வாங்கிய அன்று மீற்றர் 41,260. அதிலிருந்து ஒரு லட்சம் ஓடினால் 141,260. அப்பா பெல்ட்டை மாற்றியது 138,900இல். ஜப்பானில் பெல்ட் மாற்றிய பிறகும் துறைமுகம்வரை கொஞ்சம் ஓடியிருக்கும் என்று இரண்டாயிரம் சொச்சத்தை அவர் விட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார். பிந்தவில்லை. நேரத்துக்குத்தான் மாற்றியிருக்கிறார். கணக்குச் சரி.

பாஸ் முதல் சேர்விஸில் எஞ்சின் மூடியில் அந்த ஸ்டிக்கரைக் கண்டு காட்டியிருக்க வேண்டும். பெற்றோல் தடவி மெதுவாக உரித்தெடுத்து, எண்ணெயைத் துடைத்து, கொப்பியின் கடைசியில் ஒட்டியிருக்கிறார். கடையில் ஒவ்வொரு பேரேட்டு வரிக்கும் பின்னால் ஒரு பற்றுச்சீட்டு இருக்க வேண்டும் என்று சொல்கிறவர். முதல் வரியில் விற்றவன் கொடுத்த இலக்கத்தை எழுதினார். கடைசி அட்டையில் உண்மைக்கான சீட்டை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் பதினேழு வருடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபடி இருக்கிறேன். அந்தக் காருக்கு அம்மாவின் ஆறு காப்பு போயிற்று. மிச்சம் கடன். வாங்கிக் கொஞ்ச நாளில், ஏமாந்துவிட்டோம், இது ஒரு லட்சம் ஓடிய கார் என்று அவரிடம் சொல்வதால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்? விற்றவனிடம் திரும்பப் போய்க் கேட்டாரா, கேட்டும் பலன் இல்லையா, ஒரு தமிழன் அந்த வருடங்களில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் சண்டை பிடித்துப் பொலிஸ்வரை கொண்டுபோகத் துணியவில்லையா? தெரியாது. இப்போது ஜப்பானின் ஏலப் பத்திரத்தைத் தேடி எடுத்து உண்மை ஓட்டத்தைச் சரிபார்க்க முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது அப்படி ஒரு வழி இல்லை. 2013இல் நான் குற்றம் சாட்டியபோதாவது சொல்லியிருக்கலாமே என்று முதலில் எனக்கு ஆதங்கமாக இருந்தது. அம்மா அன்று பக்கத்தில் இருந்தாரா, குசினியில் இருந்தாரா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. இருந்திருந்தால் அப்பா சொல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

வேறொன்று நன்றாக நினைவிருக்கிறது. 2003இல் ஒரு நாள், நீர்கொழும்புக்குப் போகும் வழியில், மீற்றர் 99,999இல் இருந்து ஆறு இலக்கமாக உருண்டது. நானும் தங்கச்சியும் முன் சீட்டுகளுக்கு நடுவால் எட்டிப் பார்த்துக் கத்தினோம். அம்மா கைப்பையிலிருந்து டொபி எடுத்துத் தந்தார். அப்பாவையும் பார்க்கச் சொன்னோம். "றோட்டைப் பாக்க விடுங்கோ" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இன்னுமொன்று: அந்த மீற்றரில் பத்தாயிரத்துக்கான சில்லு மற்ற இலக்கங்களைவிட ஒரு மயிரிழை தாழ்ந்து நிற்கும். எங்களுக்கு அது காரின் ஒரு அடையாளம். கையால் திருப்பிய மீற்றரில் இலக்கங்கள் நேர்கோட்டில் நிற்காது என்பது நான் வளர்ந்து வேறு கார்களைப் பார்க்கப் போனபோது அறிந்த விஷயம். அப்படி எத்தனையோ பேரின் கார்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் காரின் இலக்கத்தில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

தரகருக்கு அடுத்த நாள் தொலைபேசி எடுத்தேன். மீற்றர் இறக்குவதில்லை, வாங்குகிறவருக்குக் கொப்பியின் பிரதியும் கொடுப்பேன், அதில் உண்மை ஓட்டம் நாலு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்துக்குக் குறையாது என்று எழுதியிருக்கும் என்றேன். "அண்ணை, கூட்டிச் சொல்லுறியளோ?" என்றார். எதிர்த்து வாதாடவில்லை. அப்படியானால் விலையை அரைவாசியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை ஒயில் மாற்றப் போனபோது கொப்பியைக் கொண்டுபோனேன். வழமை போலத் திகதி, மீற்றர், வேலை, சாமான், கூலி. மீற்றர் கட்டத்தில் 386,590 என்று நீல மையில் எழுதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் 443,930 என்று எழுதினேன். பாஸுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கராஜை மகன் பார்க்கிறார். ஸ்டிக்கரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். மஹத்தயா, அதாவது அப்பா, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்றார் சிங்களத்தில். மழை தொடங்க முன்னம் இடது பக்க அடித்தகரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அதையும் எழுதினேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சீட்டில் போட தடித்த மெத்தை ஒன்று தைப்பித்தேன், இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, முன்னையைவிடக் கொஞ்சம் லேசாக இறங்கினார். "இப்ப பரவாயில்லை" என்றார். பிறகு திரும்பி, கதவை மெதுவாகத் தள்ளி, கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அமர்த்திச் சாத்தினார்.